ஈ.கோலை ஆய்வுக்கும் குழுவிடம் தெரிவிக்க வேண்டும்

ஆய்வகத்தில் வளர்க்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் தீங்கற்ற கே-12 திரிபில் (உள்வகையில்) மரபணுவைச் செலுத்தும் ஆய்வென்றால், பல்கலைக்கழகத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் எதையும் தெரிவிக்க வேண்டியதில்லை என்று ஆராய்ச்சி மாணவர்களிடையே உலவும் கருத்து தவறானது. இந்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் இத்தகைய ஆபத்து குறைந்த, முதல் வகையில் அடங்கும் ஆய்வுகளுக்கு முன் அனுமதி தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் ஆய்வின் நோக்கம், வடிவமைப்பு, பயன்படும் உயிரிகள் ஆகியவற்றை முதன்மை ஆய்வாளர் குழுவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பலர் கவனிக்கத் தவறுவது, செலுத்தப்படும் மரபணு எது என்பதைத்தான்: அதே கே-12 திரிபில் கொடிய நச்சுப் புரதத்துக்கான மரபணுவைச் செலுத்தினால் ஆய்வின் வகையே மாறி, முன் அனுமதி கட்டாயமாகிவிடும். ஆகவே முன்மொழிவில் 'ஈ.கோலை' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், திரிபின் பெயர், மரபணுவைச் சுமந்து செல்லும் பிளாஸ்மிட் (வளைய டி.என்.ஏ.), மரபணு எடுக்கப்பட்ட மூல உயிரி, மீந்த வளர்ப்பூடகத்தை ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவிக் கலனில்) 121 டிகிரி செல்சியஸில் அழிக்கும் முறை ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள்.