ஜெட்வர்டை இப்படித் திட்டலாமா?

ஜெட்வர்ட் என்ற அயர்லாந்துப் பாடகர்களான இரட்டைச் சகோதரர்கள், நாடுகள் மோதும் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் அயர்லாந்தின் மானத்தை வாங்கிவிட்டார்கள் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2007-இல் அயர்லாந்துக்குக் கடைசி இடம். அடுத்த இரண்டு வருடமும் இறுதிச்சுற்றுக்கே போகவில்லை. அப்படிக் கிடந்த நாட்டை 2011-இல் ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் நடந்த போட்டியில் 119 புள்ளிகளோடு எட்டாவது இடத்துக்குக் கொண்டுபோனது இந்தப் பையன்கள்தான்.

குரல் சுமார்தான், சரி. ஆனால் பளபளக்கும் சிவப்புக் கோட்டும் செங்குத்தாக நிற்கும் முடியுமாக, மேடை முழுக்கத் துள்ளிக்கொண்டே நேரடியாகப் பாடினார்களே, அது லேசான காரியமா? அடுத்த வருடம் அஜர்பைஜானின் பாகுவில் பத்தொன்பதாவது இடம்தான். அன்றைக்கும் மேடை நீரூற்றில் தொப்பலாக நனைந்தபடி அதே உற்சாகத்தோடு முடித்தார்கள். அந்த டூசல்டார்ஃப் பாட்டை இன்றைக்குப் போட்டாலும் என் மகள் எழுந்து ஆடுகிறாள்.