பஸ் வசதி: உண்டு

எங்கள் ஊரைப் பற்றி 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று நேற்று ராத்திரி தேடிப் பார்த்தேன். ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் எத்தனை, எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை, எல்லாம் வரிசையாக இருந்தது. அப்புறம் போக்குவரத்து. பொதுப் பேருந்து வசதி: உண்டு.

அந்த 'உண்டு' என்ற சொல்லைத் தாண்டி மேலே படிக்க மனம் வரவில்லை. எங்கள் ஊருக்கு வருவது ஒரே ஒரு டவுன் பஸ். காலை ஏழே கால், மத்தியானம் ஒரு நடை, சாயங்காலம் ஆறரை. அதுவும் மந்தை என்கிற ஊர்ப் பொதுத்திடல் வரைக்கும் வந்து திரும்பிவிடும். நாங்கள் இருக்கும் காலனி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர், கண்மாய்க் கரை வழியே. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

கணக்கெடுப்பில் கிராமம் என்றால் வருவாய் கிராமம். அதற்குள் நாலைந்து குடியிருப்புகள் இருக்கும். ஒன்றில் பஸ் வந்து நின்றாலே மொத்தக் கிராமத்துக்கும் 'உண்டு' விழுந்துவிடும். 'இல்லை' என்றால்தான் எவ்வளவு தூரத்தில் பஸ் கிடைக்கும் என்பது பதிவாகும்: 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, பத்துக்கு மேல். ஒரு நாளைக்கு எத்தனை நடை, கடைசி பஸ் எப்போது என்பதற்கு அதில் கட்டமே இல்லை. ஆனால் 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் குடியிருப்பைத்தான் அலகாக எடுத்தார்கள். சமவெளியில் 500 பேர், மலைப்பகுதியில் 250 பேர் இருந்தால் அந்தக் குடியிருப்புக்கு எல்லாக் காலத்திலும் போகக்கூடிய சாலை. ரோட்டுக்கு முடிந்தது பஸ்ஸுக்கு ஏன் முடியாது?

இன்னொன்றும் உறுத்துகிறது. வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று அதே 2011-இல் கேட்டார்கள். ஆனால் விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் அதில் சேர்க்கவில்லை. என் சித்தி விடியற்காலையில் குட்டியானையில் பத்துப் பதினைந்து பேரோடு நெருக்கியடித்து நின்றுகொண்டு வெளியூருக்குக் களையெடுக்கப் போகிறவர். ஒருமுறை வளைவில் வண்டி சாய்ந்து கை முறிந்தது. அவர் எதில் வேலைக்குப் போகிறார் என்று அந்தக் கணக்கெடுப்பில் யாரும் கேட்கவில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மனசாரச் சொல்கிறேன், பெரிய காரியம் அது. என் மதினி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். காலையில் இலவசமாகப் போகிறார். கடை விட எட்டு மணி ஆகிவிடும். ஆறரை பஸ்தான் எங்களுக்குக் கடைசி. அதனால் திரும்பும்போது டிக்கெட் எடுத்து ரூட் பஸ்ஸில் வந்து, ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி, அண்ணன் பைக் வரும்வரை இருட்டில் நிற்கிறார். வீட்டுக்கு வீடு பைக் வந்துவிட்டது, பஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பைக் ஆம்பளையோடு போய்விடும். பள்ளிக்கூடப் பிள்ளையும் வயசானவர்களும் பெண்களும் யாராவது வந்து ஏற்றிக்கொள்ளட்டும் என்று காத்து நிற்க வேண்டியதுதான்.

காலனி வரை பஸ்ஸை விடச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தோம். மூன்று முறையும் ஒரே பதில்: "உங்க கிராமத்துக்குத்தான் பஸ் இருக்கே."

அடுத்த கணக்கெடுப்பு 2027-இல் வருகிறது. அதில் பஸ் எந்தக் குடியிருப்பு வரை வருகிறது, எத்தனை நடை, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மூன்று கட்டம் சேர்த்தால் போதும். எங்கள் காலனிக்கு நேராக 'இல்லை' என்று விழட்டும். நாலாவது மனுவோடு அந்தத் தாளையும் சேர்த்து வைப்போம்.