அது சொகுசுக் கப்பல் இல்லைங்க

நேற்று அந்தச் செய்தியில் என்னை டேக் செய்தவர்களுக்கு நன்றி. 'எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ்' கப்பலை ஃபுளோரிடா கடலில் மீன்களுக்கான செயற்கைத் திட்டாக மூழ்கடிக்கும் செய்தி. தலைப்பிலேயே 'சொகுசுக் கப்பல்'. கீழே ஒருவர், "பணக்காரன் பொம்மைதானே, முங்கட்டும்". அதற்கு எத்தனை லைக்!

அது சொகுசுக் கப்பல் இல்லை. லைனர், அதாவது குறித்த நாளில் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கப்பல். சுற்றுலா பஸ்ஸுக்கும் ரூட் பஸ்ஸுக்கும் வித்தியாசம் தெரியும்தானே? இது ரூட் பஸ். அட்லாண்டிக் எவ்வளவு சீறினாலும் குறித்த நாளில் கிளம்பியாக வேண்டும். 1840இல் குனார்டு கம்பெனியின் பிரிட்டானியா கப்பல் லிவர்பூலிலிருந்து புறப்பட்டதே தபால் கொண்டுபோகத்தான்.

'டைட்டானிக்கில் நீச்சல்குளம் இருந்ததே' என்பீர்கள். இருந்தது, முதல் வகுப்புக்கு. மூன்றாம் வகுப்பில் சுமார் 700 பேர் இருந்தார்கள், முதல் வகுப்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பிழைப்பு தேடிப் போன ஐரிஷ்காரர்கள், சுவீடன்காரர்கள். அவர்களில் கால்வாசிப் பேர்தான் உயிர் தப்பினார்கள். அடியில் 159 உலைகளுக்கு இரவும் பகலும் கரி அள்ளிப் போட்டவர்களுக்கு என்ன சொகுசு? நியூயார்க்கில் மேல்வகுப்புக்காரர்களுக்குக் கப்பலிலேயே சோதனை முடிந்துவிடும். மூன்றாம் வகுப்பை மட்டும் படகில் ஏற்றி, குடியேற்றச் சோதனை நடக்கும் எல்லிஸ் தீவுக்குக் கொண்டுபோவார்கள். 1924இல் அமெரிக்கா குடியேற்றத்தை இறுக்கியபோது கப்பல் கம்பெனிகள் ஆடிப்போனது அந்தக் கூட்டம் குறைந்ததால்தான். அது சொகுசுக் கப்பல் இல்லை.

'ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கோபமா?' ஆமாம், கோபம்தான். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். டெக் டிக்கெட், அறை கிடையாது, மேல்தளத்தில்தான் படுக்கை. ஒரு பாய், ஒரு தகரப்பெட்டி, நாள்கணக்கில் வாந்தி. போன மாதம் கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர், "அந்தக் காலத்துலயே கப்பல்ல ஜாலியா போனவராச்சே" என்றார். எனக்கு வாய் எழவில்லை. பாட்டி இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள். வங்கக் கடலும் அட்லாண்டிக்கும் ஒன்றா என்று கேட்பவர்களோடு வாதாட எனக்கு இப்போது தெம்பில்லை.

பொம்மையாம். 1952இல் முதல் பயணத்திலேயே 3 நாள் 10 மணி 40 நிமிடத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து, குயீன் மேரி கப்பல் 14 ஆண்டு வைத்திருந்த வேகச் சாதனையை முறித்த கப்பல் அந்த யுனைடெட் ஸ்டேட்ஸ். தீக்குப் பயந்து மரத்தையே அண்டவிடாமல் கட்டினார் அதை வடிவமைத்த வில்லியம் ஃபிரான்சிஸ் கிப்ஸ். போர் வந்தால் 14,000 வீரர்களை ஏற்றலாம் என்று பாதிக்கு மேல் செலவை அரசே ஏற்றது. பயணிகள் ஜெட் விமானத்துக்கு மாறினார்கள், 1969இல் நிறுத்திவிட்டார்கள். 1996 முதல் பிலடெல்பியாவில் கட்டிக் கிடந்தது.

2025 பிப்ரவரியில் இழுவைப் படகுகள் அதை அங்கிருந்து இழுத்துப்போன காணொளியை நேற்று ராத்திரி அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். "இதுலதான் அப்பா போனாராடா?" என்றாள்.

இல்லம்மா என்றேன்.