சாண்டர்ஸ் கேட்டும் ஆறே விவாதங்கள்தானா?

‘2016 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன், ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சிப் போட்டியில் ஆறே விவாதங்கள்தான் நடத்தியது, போட்டியாளர் பெர்னி சாண்டர்ஸ் கூடுதல் விவாதம் எவ்வளவு கேட்டும் அசையவில்லை’ என்றொரு பதிவு சுற்றுகிறது. பாதிதான் சரி.

முதலில் அறிவித்தது ஆறுதான். அதிலும் 2015 டிசம்பர் விவாதத்தை, கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்பு, சனிக்கிழமை ராத்திரி வைத்தார்கள். யார் டிவி பார்ப்பார்கள்? சாண்டர்ஸும் இன்னொரு போட்டியாளர் மார்ட்டின் ஓமாலியும் கொதித்ததில் நியாயம் இருந்தது.

ஆனால் கட்சி பிறகு இறங்கி வந்தது. பிப்ரவரி 4 டர்ஹம், மார்ச் 6 ஃபிளின்ட், ஏப்ரல் 14 புரூக்ளின் என மூன்று கூடி, நடந்தது மொத்தம் ஒன்பது. கலிஃபோர்னியாவில் பேசப்பட்ட இன்னொன்று மட்டும், போட்டியில் இருந்த ஹிலாரி கிளின்டன் மறுத்ததால் நடக்கவில்லை.

ஓமாலி பாவம். டர்ஹம் மேடைக்கு மூன்று நாள் முன்புதான் அயோவா மாநில உட்கட்சி வாக்கெடுப்பில் தோற்று விலகியிருந்தார்.