பத்தரை மணிக் கையெழுத்து

சிறையிலிருந்து வந்தவருக்குத் தையல் மெஷின் கொடுத்து போட்டோ போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் வேலை கிடைக்காமல் திண்டாடுகிறவர்களைவிட, கிடைத்த வேலையைப் பத்தே நாளில் தொலைக்கிறவர்கள்தான் அதிகம். சோம்பேறித்தனம் என்று முதலாளிகள் சொல்வார்கள். பாதிக்குப் பாதி காரணம் ஸ்டேஷன் கையெழுத்தும் வாய்தாவும்.

2022 தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். கடலூர் கேப்பர் மலை சிறையிலிருந்தோ புதுச்சேரி காலாப்பட்டு சிறையிலிருந்தோ ஜாமீனில் வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு கண்டிஷன் இருக்கும்: தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து. சிப்காட் தொழிற்பேட்டையில் ஜெனரல் ஷிஃப்டுக்குப் போகிறவர் பத்தரைக்கு எப்படி வெளியே வருவார்? அதுவும் பத்தரைக்குப் போனால் எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருப்பார், கையெழுத்து நோட்டு பன்னிரண்டுக்குத்தான் வரும்.

கொஞ்ச நாள் விடாமல் கையெழுத்துப் போட்ட பிறகு நிபந்தனை தளர்வு மனு போடலாம். வேலை தருகிறவர் லெட்டர்ஹெட்டில் வேலை நேரத்தைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுத்தால் மனுவுக்குப் பலம். வெறும் வாய்ப்பேச்சு கோர்ட்டில் நிற்காது. வக்கீலுக்குப் பணமில்லையா, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை. தளர்வு வரும்வரை, பத்து மணிக்குள் முடிகிற வேலையாகப் பாருங்கள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏற்றுவது, ஐஸ் உடைப்பது மாதிரி. கூலியும் அன்றன்றே கைக்கு வரும். வெளியே வந்த முதல் மாதத்தில் மாசச் சம்பளத்துக்குக் காத்திருக்க யாராலும் முடியாது.

வாய்தா அன்று வர முடியாவிட்டால் முன்கூட்டியே வக்கீலிடம் சொல்லி '317' போட வேண்டும், அதாவது அன்று நேரில் வராமலிருக்க அனுமதி கேட்கும் மனு. 317 பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண், புதிய சட்டத்தில் அது 355. கோர்ட் வளாகத்தில் இன்னும் பழைய நம்பர்தான் ஓடுகிறது. சொல்லாமல் விட்டால் பிடிவாரண்ட். அப்புறம் போலீஸ் கம்பெனி கேட்டுக்கே வந்து நிற்கும், வேலை அன்றோடு சரி. இ-கோர்ட்ஸ் ஆப்பில் சி.என்.ஆர். எண்ணை, அதாவது வழக்கின் தனி அடையாள எண்ணைப் போட்டால் அடுத்த தேதி தெரியும். அதை மேஸ்திரியும் தன் காலண்டரில் குறித்து வைக்கட்டும்.

அடுத்தது பேப்பர். உள்ளே இருந்தபோது 90 நாள் பயன்படுத்தாத சிம்மை கம்பெனி அணைத்துவிடலாம். பிறகு அதே நம்பர் வேறு யாருக்கோ போய்விடும், ஆதார் ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். அதனால் முதலில் சிம். பிறகு ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து நம்பரை மாற்றுவது. அதற்கப்புறம்தான் வங்கி. இரண்டு வருஷம் வரவு செலவில்லாத கணக்கை முடக்கி வைத்திருப்பார்கள்; அதை மறுபடி திறக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. டிரைவர்கள் லைசென்ஸ் தேதியை முதல் வேலையாகப் பார்க்கணும். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

பாண்டிச்சேரி மது பாட்டில் கடத்திய கேஸில் உள்ளே போனவரை எடுத்த எடுப்பில் கடலூர்-புதுச்சேரி எல்லையிலுள்ள ஆல்பேட்டை செக்போஸ்ட் வழியாக லோடு வண்டி ஓட்ட விடாதீர்கள். தினமும் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்கள், சரக்கு லேட்டாகும், பழி இவர் மேல் விழும். உள்ளூர் டெலிவரி கொடுங்கள்.

முதலாளியிடம் சொல்வதா மறைப்பதா? தனியார் வேலை என்றால் முதலாளி ஒருவருக்குத் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. சூப்பர்வைசர் வரை போனால் கல்லாவில் நூறு ரூபாய் குறையும்போதெல்லாம் இவர் பையைத்தான் முதலில் துழாவுவார்கள். அரசு வேலை விண்ணப்பம் வேறு கதை. அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, கேட்ட தகவலை உண்மையாகக் கொடுக்க வேண்டும் என்பது. சில்லறை வழக்கு என்றால் நிர்வாகம் மன்னிக்கவும் இடம் உண்டு. மறைத்தது பின்னால் தெரிந்தால் வழக்கைக் காட்டிலும் மறைத்ததே பெரிய குற்றமாகிவிடும். 'வழக்கு உண்டா' என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதிவிடு, நான் பார்த்துக்கிறேன் என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் ஃபாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.