சாமி கேட்காததை மாமா ஏன் கேட்கிறார்?

ஜூன் மாதம் வந்தால் போதும். சிங்கப்பூர் ஹாங் லிம் பார்க்கில் ஓரினக் காதலர்களுக்கு ஆதரவான பிங்க் டாட் கூட்டம் நடக்கிறதோ இல்லையோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு மாமா "நம்ம மதத்துல இதுக்கெல்லாம் இடமே கிடையாது" என்று ஆரம்பித்துவிடுவார். கீழே வரிசையாகக் கும்பிடு எமோஜி. எங்கள் குழுவிலும் வந்தது. அங்கே நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அம்மாவுக்குத்தான் போன் போகும். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

முதலில் சட்டத்தின் கதையை முடித்துவிடுவோம், இன்னும் நிறைய பேர் அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவை எந்தச் சாமியும் நமக்குக் கொடுக்கவில்லை. 1885இல் வெள்ளைக்காரன் தன் ஊரில் போட்ட சட்டத்தைப் பார்த்து, 1938இல் இங்கே எழுதிவைத்தது. இரண்டு ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாலும் குற்றம்தான், இரண்டு வருடம் வரை சிறை. பெண்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 2007இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது இதை மட்டும் அப்படியே விட்டுவைத்து, தேடிப் பிடிக்க மாட்டோம் என்றார்கள். பிறகு வழக்கு மேல் வழக்கு. ஆரம்பத்தில் வழக்காடியவர்களில் நம்ம வழக்கறிஞர் எம். ரவியும் ஒருவர். 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தலைமைச் சட்ட அதிகாரி முன்கூட்டி அறிவிக்காதவரை அந்தப் பிரிவை யார் மீதும் பயன்படுத்த முடியாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அதை நீக்கப்போவதாகச் சொன்னார். நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் நீக்கத்துக்கு ஆதரவாக 93 பேர், எதிர்ப்பாக 3 பேர். 2023 ஜனவரி 3ஆம் தேதியோடு அந்தப் பிரிவு போனது.

கூடவே ஒரு பூட்டும் போட்டார்கள். அரசமைப்புச் சட்டத்தில் 156ஆவது பிரிவைச் சேர்த்து, திருமணம் என்றால் எது என்பதை நாடாளுமன்றம் தீர்மானிக்கலாம், அதை எதிர்த்து அரசமைப்பின் பெயரால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று வைத்துவிட்டார்கள். ஆக, இப்போது குற்றமும் இல்லை, கல்யாணமும் இல்லை. நடுவில் கிடக்கிற மிச்சமெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் கையில்.

இனி மதத்துக்கு வருவோம். நான் நாத்திகம் பேச வரவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவள், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறவள். அதனால்தான் கேட்கிறேன்: நம்ம மதத்தில் எங்கே இடமில்லை? மனுதர்மத்தில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆணோடு கூடிய இருபிறப்பாளனுக்கு (மேல் மூன்று வருணத்தானுக்கு) அங்கே சொல்லியிருக்கும் பரிகாரம், உடுத்திய துணியோடு ஒரு முழுக்கு. அதே வரியில், மாட்டு வண்டியில் வைத்துப் பெண்ணோடு கூடியவனுக்கும் அதே முழுக்குதான். மனுவை நம்பி மாட்டு வண்டியை யாரும் ஒதுக்கிவைத்ததாகத் தெரியவில்லை. (பெண்களுக்கு அதில் சொல்லியிருக்கும் தண்டனை கொடூரமானது. அதையும் சேர்த்துத்தான் மனுவை நான் தள்ளிவைத்திருக்கிறேன்.)

மாமாவுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கிற நண்பர்கள் ஐயப்பன் பிறந்த கதையையும் அரவானையும் அர்த்தநாரீசுவரரையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். எனக்கு அதிலும் பெரிய உடன்பாடு இல்லை. அரியும் அரனும் சேர்ந்து ஒரு பிள்ளை பெற்ற கதையை மண்டலம் முழுக்க விரதம் இருந்து கொண்டாடுகிற அதே வீட்டில்தான் சொந்த மகனோடு ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. புராணம் யாரையும் மாற்றியதை நான் பார்த்ததில்லை. நம்மவர்களுக்குப் புராணம் வேறு, குடியிருக்கிற புளோக் வேறு.

நான் பார்க்கிற மதம் கோயில் கவுன்டரில் இருக்கிறது. அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது என்ன கேட்கிறார்கள்? பேர், நட்சத்திரம். அவ்வளவுதான். என் பெரியம்மா மகன், எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணன், தன் துணையோடு வந்து ஒரே சீட்டில் இரண்டு பேர் எழுதி அர்ச்சனை செய்வார். ஒருவர் மகம், இன்னொருவர் சுவாதி. குருக்கள் இரண்டையும் வாசித்து, தீபாராதனை காட்டி, இரண்டு பேருக்கும் விபூதி கொடுப்பார். இவர் உங்களுக்கு என்ன வேணும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி கோயிலை விட்டு வெளியே வந்து, செருப்பு மாட்டும் இடத்தில்தான் தொடங்கும்.

கிறிஸ்தவ, முஸ்லிம் நண்பர்கள் விஷயத்தை இப்படி லேசாகச் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு ஒரு வேதம் இருக்கிறது, அதில் எழுத்து இருக்கிறது. 2014இல் பிங்க் டாட் ரமலான் தொடங்குகிற நேரத்தில் வந்தபோது அதை எதிர்த்து வெள்ளை உடை அணியுங்கள் என்று ஓர் உஸ்தாஸ் (இஸ்லாமியச் சமய ஆசிரியர்) இயக்கம் தொடங்கினார். சில தேவாலயத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். அதில் நின்றவர்கள் எல்லோரும் வெறுப்பு பிடித்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் பக்கத்து வீட்டு அக்கா தமிழ் மெதடிஸ்ட். "பாவம்னுதான் நான் நம்புறேன், பொய் சொல்ல முடியாதுமா" என்று அண்ணனிடம் முகத்துக்கு நேரே சொன்னவர். கிறிஸ்துமசுக்குக் கேக் கொண்டுவரும்போது மட்டும் இரண்டு பேர் பேரையும் சொல்லித்தான் கொடுப்பார். அந்த நேர்மை அண்ணனுக்குப் பிடிக்கும். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் மதிக்கிறேன். அதே மெதடிஸ்ட் சபையில் மலேசியா சிங்கப்பூருக்கு முதல் ஆசியப் பேராயராக இருந்த யாப் கிம் ஹாவ், ஓய்வுபெற்ற பிறகு ஓரினக் காதலர்களையும் ஏற்கிற ஃப்ரீ கம்யூனிட்டி சர்ச்சோடு சேர்ந்து அண்ணனைப் போன்றவர்களுக்காக வெளிப்படையாகப் பேசினார். ஒரே வேதத்தைப் படித்த இரண்டு பேர். அவர்களுடைய சண்டை உண்மையான சண்டை, அதை அவர்கள்தான் போட்டு முடிக்க வேண்டும்.

ஆனால் "இனி எங்களுக்கு வாய் திறக்கவே இடமில்லை" என்று சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். திருமணத்துக்குப் பூட்டு உங்கள் விருப்பப்படியே போட்டாயிற்று. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் மதத்தைக் காரணமாக வைத்து உங்களை வேலையை விட்டு அனுப்புவதைத் தடுக்கும். அண்ணனைப் போன்றவர்கள் யாரை நேசிக்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. வீவக (அரசு அடுக்குமாடி) வீடு வேண்டுமென்றால் இரண்டு பேருக்கும் 35 வயது நிரம்பி, யாரோ இரண்டு ஒண்டிக்கட்டைகள் சேர்ந்து வாங்குகிற கணக்கில்தான் வாங்க முடியும். ஈசூனில் அவர்கள் இருக்கிற மறுவிற்பனை வீடு அப்படி வாங்கியதுதான். யாருக்கு இடம் குறைந்துபோயிருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வீட்டில்தான் பெரியம்மா கடைசி வருடங்களில் இருந்தார். சிறுநீரகம் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அண்ணனுக்கு ஷிப்ட் வேலை. கூட்டிக்கொண்டு போனது, திரும்பக் கொண்டுவந்தது, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் என்று டம்ளரில் கோடு போட்டு வைத்தது எல்லாம் அண்ணனின் துணைதான். பெரியம்மா அவரை "தம்பி" என்பார். அந்த உறவு என்னவென்று பெரியம்மாவுக்குத் தெரியுமா என்று எங்களுக்குள் ரகசியமாக ஆராய்ச்சி நடக்கும். எழுபது வயதுக்கு மேல், ஒரே அறையில் ஒரே கட்டில் இருக்கிற வீட்டில் குடியிருந்தவருக்குத் தெரியாதாம்!

பெரியம்மா இறந்த அன்று, பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய மறைவு அறிவிப்பை என் போனில் தட்டிக்கொண்டிருந்தேன். மகன்கள் என்று இரண்டு பெயர். மருமகள் என்று ஒரு பெயர். இளையவர் மனைவி சீனர். அவருடைய பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று சுற்றி நின்ற நாலு பேர் வாதாடினார்கள். 'ஹ்' வருமா, 'க்' வருமா? மாமாதான் அந்தப் பெண்ணையே கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, சரியாகக் காதில் வாங்கி, எனக்கு எழுத்து எழுத்தாகச் சொன்னார். அவ்வளவு அக்கறை. பிறகு நான் மெதுவாக இன்னொரு பெயரைச் சொன்னேன். யாரும் பேசவில்லை. "குடும்ப நண்பர்னு போட்டா?" என்றாள் ஒரு தங்கச்சி. "அதுவும் வேணாம், நாலு பேர் கேப்பாங்க" என்றார் மாமா. அறிவிப்பு அந்தப் பெயர் இல்லாமல்தான் போனது.

மறுநாள் புளோக்குக்குக் கீழே சடங்கு. அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை கொள்ளி வைப்பது நம் வழக்கம் என்பதால் இளையவர்தான் முன்னால் நின்றார். அவர் மனைவி, பாவம், வெள்ளைச் சேலை தடுக்காமல் சமாளித்துக்கொண்டு, சொன்னதையெல்லாம் அச்சு பிசகாமல் செய்தார். பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம். நம் சாவு வீட்டில் அவரவருக்கு ஒரு வேலை, ஒரு இடம். ஒருவருக்கு மட்டும் இல்லை. அவர் பின்னால் மேசையில் வேர்க்கடலையும் பாக்கெட் தண்ணீரும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்.

வாய்க்கரிசி முடிகிற நேரம். சடங்கு செய்ய வந்த ஐயா "இன்னும் யாராச்சும் போடணுமா?" என்று குரல் கொடுத்தார். அண்ணன் திரும்பிப் பார்த்துத் தன் துணையைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஐயா கேட்டார், "இவரு யாரு?" அண்ணன் சொன்னார், "என்கூட இருக்கிறவரு. அம்மாவைப் பாத்துக்கிட்டவரு." ஐயா தட்டை நீட்டி, "வாங்க, இடது பக்கமா வந்து போடுங்க" என்றார். அவ்வளவுதான். அவருக்கு விஷயம் புரிந்ததா, இல்லை மண்டாய் தகனக் கூடத்துக்குக் கிளம்ப நேரமாகிவிட்ட அவசரமா, தெரியாது. எதுவாக இருந்தாலும், அங்கே இருந்தவர்களில் மதம் அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு ஆட்சேபம் இல்லை. மாமாவின் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

மாமா கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் பாலிடெக்னிக் படிக்கக் கட்டணம் கட்டியவரே அவர்தான். சீன மருமகள் வந்தபோது முதலில் குதித்தவரும் அவர்தான், பின்னால் பெருமாள் கோயிலில் தாலி எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். பெண்பிள்ளை மட்டும் இருக்கிற வீட்டில் மகளே கொள்ளி வைத்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாரும் எழுந்து போகவில்லை. பதினாறாம் நாள் காரியத்தை வேலை நாள் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்த்துகிறோம். புரட்டாசியில் அலுவலக விருந்து வந்தால் ஏதோ ஒரு கணக்குச் சொல்லிச் சமாளிக்கிறோம். இவ்வளவுக்கும் வளைந்து கொடுத்த மதம் இந்த ஒரு ஆளுக்கு மட்டும் இரும்பாகிவிட்டது என்றால், அந்த இரும்பு நாம் வார்த்தது. எதற்கு வளைவது, எதற்கு முறுக்குவது என்று நாம்தான் ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கிறோம், பழியைச் சாமி தலையில் போடுகிறோம். "எனக்குக் கூச்சமாக இருக்கிறது, சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிவாக இருக்கிறது" என்று மாமா சொன்னால் எனக்குக் கோபம் வராது. அதைப் பேசித் தீர்க்கலாம். தேவாரத்தை இழுக்கும்போதுதான் வருகிறது.

இதில் என்னால் பொறுக்கவே முடியாத ஒன்று இருக்கிறது. பையன் வாயைத் திறந்து சொன்ன பிறகும், "கிரக தோஷம், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று பரிகாரம் செய்துவிட்டு, ஊர்ப்பக்கம் பெண் பார்க்கக் கிளம்புகிற குடும்பங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பெண் என்றால் விசாரிப்பாள், இரண்டு மாதத்தில் கேள்வி கேட்பாள். அதனால் தஞ்சாவூர் பக்கமோ புதுக்கோட்டை பக்கமோ ஒரு பெண். விசாவுக்குப் புருஷனை நம்பி, பேச ஆள் இல்லாத ஊரில், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு பதினான்காவது மாடியில் உட்கார்ந்திருப்பாள். வருடம் போனால் மாமியார் அவளையே மருத்துவரிடம் கூட்டிப்போவார், ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று. அக்கினியைச் சாட்சி வைத்துச் செய்கிற இந்த ஏமாற்றைப் பாவம் என்று எந்தக் குடும்பக் குழுவிலும் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

இப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஜாதகம் கை மாறிக்கொண்டிருக்கிறது. பையன் யாரிடம் என்ன சொல்லியிருக்கிறான் என்பது அவன் பெற்றோருக்கு நன்றாகத் தெரியும், இந்தப் பதிவையும் படிப்பார்கள். பேர் போட மாட்டேன். பெண் வீட்டார் நம்பர் தேடிப் பிடிப்பது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் அவனைக் கேட்காமல் அவன் விஷயத்தை நான் வெளியே சொல்வதும் அநியாயம் என்பதால், இந்த வாரம் அவனைப் பார்த்து, நீயே சொல்கிறாயா, கூட நான் வரட்டுமா என்று கேட்கப் போகிறேன். அதற்குள் அவனைப் பெற்ற நீங்களே தரகருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது.