வில்லி கிளான்சி வாரத்துக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

வில்லி கிளான்சி வாரம் என்பது அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் ஜூலையில் நடக்கும் ஐரிஷ் மரபிசைக் கோடைப் பள்ளி.

"அயர்லாந்தில் எந்த பப்புக்குள் நுழைந்தாலும் இசை நடக்கும், யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கலாம்" என்று பயண வீடியோக்களில் சொல்கிறார்கள். முதல் பாதி கொஞ்சம் மிகை. இரண்டாவது பாதியை நம்பி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களால்தான் வருடாவருடம் நல்ல செஷன்கள் (பப்பில் கூடி உட்கார்ந்து வாசிப்பது) கெடுகின்றன. கெடுத்தவரிடம் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லமாட்டார்கள். நன்றாக வாசிக்கிறவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது மூன்று கிட்டாரும் நான்கு பவ்ரானும் (கையில் பிடித்து வாசிக்கும் ஐரிஷ் பறை).

செஷனின் எழுதாத விதிகளை 'பழைய ஆட்களின் திமிர்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஏறக்குறைய எல்லா விதிக்கும் பின்னால் ஓசை சம்பந்தப்பட்ட காரணம் ஒன்று இருக்கிறது. காரணம் புரிந்தால் விதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

முதலில் இடம். கிளேர் மாவட்டத்தின் மேற்குக் கரையோரம் மில்டவுன் மால்பே என்ற சின்ன ஊர். ஒரு முக்கியத் தெரு, அதன் இரு பக்கமும் பப்புகள், அவ்வளவுதான். தச்சுத் தொழில் செய்துவந்த, இல்லியன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பைக்குழல் வாசிப்பில் பெரும்பெயர் பெற்ற வில்லி கிளான்சி 1973 ஜனவரியில் இறந்தார். அந்த வருடக் கோடையிலேயே அவர் பெயரில் நண்பர்கள் ஒரு கோடைப் பள்ளி தொடங்கினார்கள். ஜூலை முதல் சனிக்கிழமை தொடங்கி ஒரு வாரத்துக்கு மேல் நடக்கும். காலையில் வகுப்புகள், மதியத்துக்குப் பிறகு உரைகளும் சிறு கச்சேரிகளும், இரவில் செட் நடனம் (ஜோடிகள் சேர்ந்து ஆடும் ஊர் நடனம்). இதற்கு நடுவிலும் பிறகும் செஷன், செஷன், செஷன். 'விழா' என்று நாம் சொன்னாலும் இது அடிப்படையில் பள்ளிக்கூடம். இதை மறந்துவிட்டு மேடை நிகழ்ச்சிப் பட்டியலை மட்டும் பார்த்துப் போகிறவர்கள் விழாவின் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்கள்.

பப் செஷன் ஆதிகாலத்து வழக்கம் என்று நினைக்கவேண்டாம். கிளேரில் இந்த இசை இருந்தது வீடுகளில், சமையலறைத் தரையில், ஆட்டத்துக்காக. பொது நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்ற 1935 சட்டத்தைக் காட்டி, பாதிரியார்களும் போலீஸும் வீட்டு நடனங்களையும் ஒடுக்கினார்கள். பிறகு இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் லண்டனுக்கு வேலைக்குப் போன ஐரிஷ்காரர்கள் அங்குள்ள பப்புகளில் கூடி வாசிக்க, அந்தப் பழக்கம் ஊருக்குத் திரும்பி வந்தது. ஆக, செஷன் என்பது ஆட்டக்காரர் இல்லாத நடன இசை. லயம் தளர்ந்தால் எதுவுமே மிஞ்சாது என்பதற்கு இதுதான் காரணம்.

மெட்டுகளின் அமைப்பு எளிது. ஒரு மெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் 8 பார் (நம் ஆவர்த்தனம் போன்ற தாள அளவு), ஒவ்வொன்றும் இரண்டு முறை. ஆக ஒரு சுற்று 32 பார். மெட்டு வகைகளில் ரீல் நான்கின் நடை. ஜிக் 6/8, நமக்குப் பழகிய திஸ்ர நடை போல. ஸ்லிப் ஜிக் 9/8. பாருக்கு இரண்டு தட்டு, நிமிடத்துக்கு 112 தட்டு என்ற வேகத்தில் ஒரு ரீல் சுற்றுக்குச் சுமார் 34 விநாடி ஆகும். வழக்கமாக மூன்று சுற்று, பிறகு நிற்காமல் அடுத்த மெட்டு, அதன்பின் இன்னொன்று. மூன்று மெட்டுகள் கொண்ட ஒரு 'செட்' ஐந்து நிமிடம். எந்த மெட்டுக்கு மாறப்போகிறோம் என்று யாரும் அறிவிக்கமாட்டார்கள். ஆரம்பித்தவர் தலையை நிமிர்த்துவார், அல்லது "ஹப்" என்பார். அடுத்த பாரில் புது மெட்டு. முதல் சுற்றிலேயே மெட்டை அடையாளம் கண்டு, இரண்டாவது சுற்றில் சேர்ந்துகொள்வதுதான் நல்ல வாசிப்பவரின் வேலை. தெரியாத மெட்டு என்றால் கைகட்டி உட்கார்ந்திருக்கலாம்; எவ்வளவு பெரிய ஆளும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். தெரிந்த மாதிரி இரண்டு சுரம், தெரியாத இடத்தில் மேலோட்டமாக ஒரு தடவல் என்று ஒப்பேற்றுவதுதான் குற்றம். பத்துப் பேர் ஒரே மெட்டை ஒரே குரலாக வாசிக்கும்போது, ஒருவர் போடும் உத்தேச சுரம் மற்ற ஒன்பது பேர் காதிலும் உறுத்தும்.

உட்காருவது எப்படி? சுவரை ஒட்டிய மூலை இருக்கைகள் வாசிப்பவர்களுக்கானவை. காலியாக இருந்தாலும் அங்கே பையை வைக்காதீர்கள். பல செஷன்களில் இரண்டு மூன்று பேருக்குக் கடைக்காரர் பணம் கொடுத்திருப்பார். அவர்கள்தான் செஷனைத் தாங்குகிறவர்கள். ஒரு செட் முடியும் வரை பெட்டியைத் திறக்காமல் பக்கத்தில் நின்று கேளுங்கள். யார் ஆரம்பிக்கிறார்கள், என்ன வேகம், ஏற்கெனவே என்னென்ன வாத்தியம் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அவர்களில் ஒருவரிடம் "சேர்ந்துகொள்ளலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் நாற்காலியை நகர்த்தி இடம் கொடுப்பார்கள். சிறிது நேரத்தில் "நீங்கள் ஒன்று ஆரம்பியுங்கள்" என்பார்கள். அப்போது உங்கள் மிகக் கடினமான மெட்டை எடுக்காதீர்கள். டி அல்லது ஜி சுருதியில், எல்லோருக்கும் தெரிந்த, உங்களால் தூக்கத்தில்கூட வாசிக்க முடிந்த ஒன்றை, உங்களுக்கு வசதியான வேகத்தில் எடுங்கள். பதற்றத்தில் வேகமாக எடுத்துவிட்டு, இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்கி நிற்பதுதான் அடிக்கடி நடக்கிறது. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் சும்மா பயிற்சி செய்துகொண்டிருப்பதும் வேண்டாம். அந்த இடைவெளியில்தான் அடுத்தவர் மனதுக்குள் மெட்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

இனி சண்டைக்குரிய விஷயம்: கிட்டாரும் பவ்ரானும்.

ஒரு செஷனில் ஒரு கிட்டாரோ ஒரு பூசூக்கியோ (நீண்ட கழுத்துள்ள கம்பி வாத்தியம்) போதும் என்பதில் நான் கறார். இந்த மெட்டுகள் பலவற்றுக்கு மேஜர், மைனர் என்று தீர்மானமான கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) கிடையாது. டி சுருதியில் நகரும் ஒரே மெட்டில் ஒருவர் சி ஷார்ப் உள்ள ஏ கார்டைப் பிடிப்பார், இன்னொருவருக்கு அதே இடத்தில் வெறும் சி கார்ட் சரியாகத் தோன்றும். தனித்தனியாக இரண்டும் ரசனைதான். சேர்ந்து ஒலித்தால், நடுவில் ஃபிடில் (வயலின்) வாசிப்பவருக்குத் தான் தப்பாக வாசிப்பதாகவே தோன்றும். கிட்டார்காரர்கள் பலரும் கம்பிகளை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று மாற்றிக்கொள்வதன் பயன் இதுதான்: மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுக்கும் மூன்றாம் சுரத்தை விட்டுவிட்டே வாசிக்க முடிகிறது. இரண்டாவது கிட்டார்காரர் வந்தால் செட்டு மாற்றி செட்டு வாசிக்கலாம்; யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

பவ்ரான் ஆட்டுத் தோல் போர்த்திய சட்டப்பறை. ஒரு கையில் குச்சி, இன்னொரு கை தோலுக்குப் பின்னால் அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்கும். இரண்டு பவ்ரான் சேர்ந்தால் இரண்டு குச்சியும் ஒரே கணத்தில் விழுவதில்லை. ஒவ்வொரு தட்டும் லேசாகப் பிளந்து ஒலிக்கும். மெட்டின் நுணுக்கமான அலங்காரங்கள் அந்தப் பிளவில் காணாமல் போகும். போதாக்குறைக்கு, மழைநாளில் ஆள்நெருக்கமான பப்பில் ஈரப்பதம் ஏறினால் தோல் தொய்ந்து 'தொப் தொப்' என்று மந்தமாகிவிடும். இப்போது வரும் பவ்ரான்களில் திருகிவைத்து இறுக்கிக்கொள்ளலாம். பழைய வகை என்றால் கணப்பருகே கொஞ்ச நேரம் காட்டுவார்கள். மாறாக, ஹீட்டர் போட்ட அறையில் தோல் காய்ந்து கீச்சென்று ஒலித்தால், உள்பக்கம் சில சொட்டுத் தண்ணீர் தடவி இரண்டு நிமிடம் விடவேண்டும். மெட்டு தெரியாமல் தாளம் மட்டும் தெரிந்து பவ்ரான் வாசிக்க முடியும் என்று நினைக்கிறவர்கள், கீர்த்தனை தெரியாமல் பக்கவாத்தியம் வாசிக்க உட்காருகிறவர்கள் மாதிரி.

சுருதி விஷயத்தில் ஜனநாயகம் கிடையாது. கான்செர்டினாவையும் (இரு கையாலும் விரித்து மூடும் சிறு துருத்தி வாத்தியம்) பட்டன் அக்கார்டியனையும் அந்த இடத்தில் திருத்த முடியாது, உலோக ரீடுகள் எப்படி இருக்கின்றனவோ அப்படித்தான். எனவே மற்றவர்கள் அவற்றுக்குச் சேர்க்கவேண்டும். உங்கள் டியூனர் 440 (ஏ சுரத்தின் வழக்கமான அளவு) என்று காட்டினாலும், பக்கத்து அக்கார்டியன் ஒரு மயிரிழை ஏறியிருந்தால் அதுதான் அந்த இரவின் சுருதி. கிளேர் கான்செர்டினா நாடு, தப்பிக்க வழியில்லை. பப் இரைச்சலில் காதால் சேர்ப்பது கஷ்டம் என்பதால், அதிர்வை உணரும் கிளிப் டியூனர் கையில் இருக்கட்டும். ஃபிடில்காரர்கள் கூடுதலாக ஒரு ஈ கம்பியும், பிருடை வழுக்காமல் இருக்கப் பூசும் பசையும் வைத்துக்கொள்ளுங்கள்.

டின் விசில் என்ற சிறு உலோகக் குழல் குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கியிருக்கும். வாசிக்குமுன் கையிடுக்கில் வைத்துச் சூடாக்கவேண்டும். வாசிக்க வாசிக்க மூச்சின் ஈரம் காற்றுப்பாதையில் படிந்து, திடீரென்று குரல் கம்மிப்போகும். விசிலின் ஜன்னலை (ஊதும் முனைக்குக் கீழே உள்ள திறப்பை) விரலால் மூடிக்கொண்டு ஒரு ஊது, தண்ணீர் வெளியே வந்துவிடும். முந்தின இரவே பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து காற்றுப்பாதையில் ஓடவிட்டு உலரவைத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இல்லியன் பைப்ஸில் வாயால் ஊதுவதில்லை. ஒரு முழங்கைக்கடியில் துருத்தி, மறு கைக்கடியில் பை. உலர்ந்த காற்றுக்காகவே செய்யப்பட்ட ரீடுகள், நாணல் தண்டில் சீவியவை. அறைச் சூடோ ஈரமோ மாறினால் மேல்ஸ்தாயி பிடிவாதம் பிடிக்கும். மூன்று டிரோன்களை (ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் குழல்கள்) சுருதி சேர்க்கப் பைப்பர் நேரம் எடுத்துக்கொள்வார். அந்த நேரம் அவருக்கு உரியது, குறுக்கே ரீல் ஆரம்பிப்பது அநாகரிகம். சி, பி போன்ற தாழ்ந்த சுருதிப் பைப்ஸ் என்றால் அந்தச் செஷனே தனி. டி விசிலோடு அங்கே போய் உட்காராதீர்கள்.

கேட்க மட்டும் போகிறவர்களுக்கும் வேலை உண்டு. முக்கியமாக, கைதட்டித் தாளம் போடாமல் இருப்பது. சபாவில் தொடையில் சத்தமில்லாமல் தாளம் போடுகிற நம் பழக்கம் அங்கே தாராளமாகச் செல்லும். சத்தமாகத் தட்டுவது செல்லாது. கணக்கு இதுதான்: 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு இசை வந்துசேரவே 29 மில்லி விநாடி ஆகும். அவர் தட்டும் ஒலி வாசிப்பவரிடம் திரும்பிவர இன்னொரு 29. முன்னே சொன்ன 112 தட்டு வேகத்து ரீலில் ஒரு சுரத்தின் நீளமே 134 மில்லி விநாடிதான். ஏறக்குறைய அரைச் சுரம் பின்னால் ஐம்பது பேர் தட்டினால் யாருடைய லயம் நிற்கும்?

மெட்டுகள் நடக்கும்போது தணிந்த குரலில் பேசலாம், குடிக்கலாம், அது பப்தான். யாராவது பாட ஆரம்பித்தால் மட்டும் மொத்தக் கடையும் அடங்கவேண்டும். பாடுவது ஒற்றைக் குரலில், துணை வாத்தியம் இல்லாமல். மெதுவான 'ஸ்லோ ஏர்' வாசித்தாலும் அப்படியே; அது தனியாள் வாசிப்பு, தெரிந்தாலும் சேர்ந்துகொள்ளக் கூடாது. போனில் பதிவு செய்யக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முகத்துக்கு நேரே போனை நீட்டியதும் வாசிப்பவரின் கை இறுகுவதை எந்தச் செஷனிலும் பார்க்கலாம்.

வகுப்புக்குப் பதிவு செய்யாமல் போகாதீர்கள் என்பதே என் கட்சி. ஆசிரியர் ஒரு சிறு தொடரை வாசிப்பார், வகுப்பு திருப்பி வாசிக்கும், பிறகு அடுத்த தொடர். சுரக்குறிப்புத் தாள் கடைசியில் வந்தால் வரும். ஸ்டாஃப் நொட்டேஷன் (மேற்கத்திய சுரக்குறிப்பு) பார்த்தே பழகியவர்கள் முதல் நாள் திணறுவார்கள். ஆனால் எழுத்தில் இல்லாதது அங்கேதான் கிடைக்கிறது: எந்தச் சுரத்தில் வில்லைத் திருப்புவது, 'ரோல்' எனும் அலங்காரத்தில் விரல் எவ்வளவு நேரம் கம்பியைத் தொடுவது என்பதெல்லாம். நிலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு படி கீழே எழுதிக்கொடுப்பது நல்லது. மேல்நிலை வகுப்பில் மெட்டு தெரிந்ததாகவே எடுத்துக்கொண்டு நுணுக்கத்துக்குப் போய்விடுவார்கள். செயலியிலிருந்து இருநூறு மெட்டு இறக்கிக்கொண்டு வருகிறவரைவிட, இருபது மெட்டைச் சுத்தமாக வாசிக்கிறவருக்குத்தான் நாற்காலி கிடைக்கும்.

மேடைக்கு அழைப்பு வந்தவர்களுக்குச் சில வரி. 20 நிமிட வாய்ப்பு என்றால் மூன்று செட், ஒரு ஸ்லோ ஏர், அதற்குமேல் திணிக்கவேண்டாம். மெட்டை யாரிடம் கற்றீர்கள் என்று சொல்வது அங்கே மரியாதை, சொல்ல நேரம் வேண்டும். கான்செர்டினாவுக்கு இரண்டு பக்கமும் ஒலி வருவதால் இரண்டு மைக் கேளுங்கள். ஃப்ளூட்டுக்கு மைக்கை உதட்டுக்கு நேரே வைத்தால் மூச்சுக் காற்றுதான் கேட்கும், சற்று விலக்கி வையுங்கள். பைப்ஸில் சாண்டருக்கு (விரல் வைத்து மெட்டு வாசிக்கும் குழல்) ஒன்று, டிரோன்கள் பக்கம் ஒன்று.

தங்குமிடம்தான் பெரிய தலைவலி. ஊருக்குள் இருக்கும் அறைகள் முந்தின வருடமே போய்விடும். ஸ்பானிஷ் பாயின்ட், குவில்டி, லஹின்ச் பக்கம் தேடவேண்டும், அல்லது கூடாரம். ஷானன் விமான நிலையத்திலிருந்து எனிஸ் வரை பேருந்து சுலபம். எனிஸிலிருந்து மில்டவுன் 30 கி.மீ.க்குச் சற்று மேல், அந்த வழியில் பேருந்து குறைவு. பழைய மேற்கு கிளேர் ரயிலை 1961-லேயே மூடிவிட்டார்கள். செஷன் முடியும் நேரத்தில் பேருந்து எதையும் எதிர்பார்க்கவேண்டாம். ஸ்பானிஷ் பாயின்ட் சுமார் 3 கி.மீ. நடை, ஊரைத் தாண்டினால் தெருவிளக்கு அரிது. ஒளிரும் மேலாடை ஒன்றும் டார்ச்சும் வாத்தியப் பெட்டியிலேயே இருக்கட்டும். பெட்டிக்கு மழை உறையும்.